மாங்கனிக்குப் பின்னால் ஒரு பேய்

சித்திரக்கதைகளைப் பற்றி இலக்கிய இதழ்களில் எழுதலாமா என்று முகம் சுளிப்போர் நம்மிடையே இன்னும் உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்களே பிற்பாடு பேராசிரியர்களாகி, அதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று தீர்ப்பளிக்கிறார்கள். அவர்களோடு வழக்காட ஒரு சதுப்புநிலப் பூதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம். வழக்கோ காரைக்காலைப் பற்றியது.

லென் வெய்னும் பெர்னி ரைட்சனும் 1971இல் படைத்த அமெரிக்கப் பாத்திரம் 'ஸ்வாம்ப் திங்'. மறு ஆண்டு தொடங்கிய தனித்தொடரில் அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி வெடிவிபத்தில் தீப்பற்றி லூசியானாவின் சேற்றில் விழுகிறான். பாசியும் வேருமாய் எழுந்து வருகிறான். இழந்த மனித உடலை மீட்கத் தவிக்கிறான். அது நமக்குப் பழகிய கதைதான். சாபம் உண்டென்றால் விமோசனமும் உண்டு.

1984இல் ஆலன் மூர் இதைக் கவிழ்த்தார். 21ஆம் இதழில் பூதத்தின் உடலை அறுத்துப் பார்க்கும் ஒருவன், அதற்குள் மூச்சுவிடாத நுரையீரலையும் இரத்தம் இறைக்காத இதயத்தையும் காண்கிறான். எல்லாம் தாவரம் செய்துகொண்ட போலிகள். ஹாலண்ட் அன்றே இறந்துவிட்டான். அவனுடைய நினைவை உறிஞ்சிக்கொண்ட செடிகொடிகள் தம்மை மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்தன. திரும்பிச் செல்ல மனித உடல் எதுவும் இல்லை. பூதம் பூதமாகவே வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். நடமாடும் பிணங்களைச் சித்திரக்கதையில் காட்டலாகாது என்று 1954இல் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறிமுறையை மீறி, அதன் ஒப்புதல் முத்திரை இல்லாமலே 29ஆம் இதழ் வெளிவந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் பிட்சாடனர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து மாங்கனிகள் வீசப்படுகின்றன. பிள்ளைவரம் வேண்டுவோர் முந்தானையில் ஏந்துகிறார்கள். இந்த விழாவில் நமக்குக் குறையில்லை. அம்மையாரை அந்த மாங்கனியோடு முடித்துவிடுகிற நம் வாசிப்பில்தான் குறை.

அம்மையார் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது என்ன? அற்புதத் திருவந்தாதி, இரட்டை மணிமாலை, மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவை பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. எங்கும் மாங்கனி இல்லை. பரமதத்தன் இல்லை. உதறி எறிந்த அழகு பற்றிய பேச்சில்லை. பதிகத்தின் முடிவில் அவர் இட்ட கையொப்பம் 'காரைக்காற் பேய்' என்பதே. சுந்தரர் தம் தொகையில் அவரைச் சுட்டுவதும் 'பேயார்' என்றுதான். புனிதவதி என்ற பெயரும் மாங்கனிக் கதையும் பல நூற்றாண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரிடம்தான் நமக்கு முழுமையாகக் கிடைக்கின்றன.

திருவாலங்காட்டுப் பதிகத்தைத் திறந்தால் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாய் ஒரு பெண்பேய் நிற்கிறது. சுற்றிலும் எட்டி, சூரை, ஈகை, கள்ளி. ஒரு பாட்டில் நிணம் தின்று தலைமாலை பூண்ட பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிடுகிறது. புழுதி துடைத்துப் பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. தாயைக் காணாத குழந்தை அழுது அழுதே உறங்கிப்போகிறது. பேய்க்கு அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது. சுடுகாடு அதற்குத் தண்டனை அன்று, வீடு. அங்கேதான் ஈசன் ஆடுகிறான்.

நம் வகுப்பறைகள் இதை என்ன செய்கின்றன? கற்புடைய மனைவி, மிரண்டோடிய கணவன், வேண்டிப் பெற்ற பேயுரு என்று கதையை ஐந்து மதிப்பெண்ணுக்குச் சுருக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பேயுருவை அழகின் தியாகமாக மட்டுமே படித்தால், அதற்கு உள்ளே இன்னமும் அழகியொருத்தி ஒளிந்திருக்கிறாள் என்று நம்புகிறோம். 1984க்கு முந்தைய ஹாலண்டைப் போல அம்மையாரையும் மீட்கப்பட வேண்டியவராக்கிவிடுகிறோம்.

சேக்கிழார்மேல் பழி போடுவது நியாயமன்று. தசையை உதறி எலும்புடம்பாய்த் தலையால் நடந்து கயிலை ஏறியவரை, இறைவன் 'அம்மையே' என்று அழைத்ததை அவர் மறைக்கவில்லை. சோழர்காலச் சிற்பிகளும் கூசவில்லை. கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடவல்லானின் அருகிலும், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் தாளம் ஏந்திய செப்புத்திருமேனியிலும் விலா எலும்பு துருத்தத்தான் அம்மையார் அமர்ந்திருக்கிறார். கூசியவர்கள் நாம்.

பக்தியைப் பரபரப்புச் சித்திரக்கதையோடு ஒப்பிடுவதா என்று சிலர் சினக்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு நிகர் என்று நாம் சொல்லவில்லை. சதுப்புநிலப் பூதம் ஒரு நிறுவனத்தின் சரக்கு. சந்தைக்கேற்ப ஆசிரியர்கள் மாற மாற அதன் கதையும் மாறியது. அம்மையாரின் பேய், ஆட்டத்தைக் கண்டு நிற்பதற்கென்றே வேண்டிக்கொண்ட வடிவம். ஆனாலும் ஒரு மலிவுவிலை இதழ் தன் வாசகனிடம் துணிந்து கேட்ட கேள்வியை நம் தமிழ்த்துறைகள் மாணவனிடம் கேட்கத் தயங்குகின்றன: அருவருப்பானதை அழகாக்காமல் உன்னால் நேசிக்க முடியுமா?

மாங்கனியை ஏந்துவோம். ஏந்திய கையோடு ஆலங்காட்டுப் பதிகத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். தாய் வராமல் அழுதுறங்கிய அந்தப் பேய்க்குழந்தை அங்கேதான் கிடக்கிறது.