முகத்தின் நிறம் எது?

உணர்வுப்பதிவு ஓவியர்கள் ஒளியைத்தான் வரைந்தார்கள், மனிதரை வரையவில்லை என்றொரு கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவர்களுடைய ஆற்றங்கரைகளையும் தோட்டங்களையும் வியந்து போற்றுவோர்கூட உருவப்படம் என்று வந்துவிட்டால் தயங்குகின்றனர். கண்ணும் வாயும் தெளிவாகத் தெரியாத முகத்தில் உள்ளத்தை எங்கே காண்பது என்பது அவர்தம் வினா. இக்கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

மரத்தடியில் அமர்ந்திருப்பவர் ஒருவரை உற்று நோக்குங்கள். இலைகளினூடே வழியும் ஒளி அவர் கன்னத்தில் பசுமையைப் பூசியிருக்கும். வெயில் படாத இடங்களில் வானத்தின் நீலம் ஏறியிருக்கும். நாம் அதனைக் காண்பதில்லை. ‘முகத்தின் நிறம் இது’ என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதே காரணம். 1876ஆம் ஆண்டு ரெனுவார், வெயிலும் இலைநிழலும் படிந்த ஒரு பெண்ணுடலை வரைந்து காட்சிக்கு வைத்தார். ‘லே ஃபிகரோ’ நாளிதழின் விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப், அந்தப் பச்சை, ஊதாத் திட்டுகளைக் கண்டு, அது அழுகிக்கொண்டிருக்கும் பிணத்தைப்போல் இருப்பதாக எள்ளி நகையாடினார். பாவம், அவர் கண்டதும் நிறங்களைத்தான். ஆனால் ஒளியைக் காணத் தவறினார்! ஒரு நிறத்தின் தோற்றம் அதன் அருகிலுள்ள நிறத்தால் மாறும் என்பதை வேதியியலாளர் ஷெவ்ரல் 1839ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதியிருந்தார். சாயத் தொழிலின் சிக்கல்களை ஆராயப் புகுந்தவர் கண்ட உண்மை அது.

சரி, இதில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? க்ளோட் மோனே 1875ஆம் ஆண்டு தம் மனைவி கமீலையும் மகன் ழானையும் புல்மேட்டில் நிற்கவைத்து வரைந்த படத்தை எடுத்துக்கொள்வோம். குடை பிடித்த கமீல் திரும்பிப் பார்க்கிறார். காற்றில் பறக்கும் மெல்லிய திரை அவர் முகத்தை மறைக்கிறது. வெள்ளை உடையில் வெள்ளை குறைவு. நீலமும் சாம்பலும் புல்வெளியின் மஞ்சளுமே மிகுதி. முகபாவம் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எதுவுமில்லை. இருப்பினும், அன்புக்குரியவர் ஒருவர் நம்மைக் கடந்து செல்லும் அந்தக் கணநேரத்துத் தவிப்பு அப்படத்தில் இருக்கிறது. முகத்தைத் தெளிவாகத் தீட்டியிருந்தால் அவர் அங்கேயே நின்றுவிட்டிருப்பார்.

நான்கே ஆண்டுகளில், 1879 செப்டம்பர் 5ஆம் நாள், வெத்தேய் என்னும் சிற்றூரில் கமீல் தம் 32ஆம் அகவையில் மறைந்தார். கடும் வறுமை. அடகுக் கடையிலிருந்த ஒரு பதக்கத்தை மீட்டு அனுப்புமாறு மோனே அன்றே தம் நண்பர் மருத்துவர் தெ பெல்லியோவுக்குக் கடிதம் எழுதினார். கமீல் போற்றிவைத்திருந்த ஒரே நினைவுப்பொருள் அது. அவர் கழுத்தில் அதனை அணிவித்து அனுப்ப வேண்டும் என்பது கணவரின் விருப்பம். அதே துயரத்தில்தான் மோனே தூரிகையையும் எடுத்தார்.

அப்படம் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. தலையணையும் போர்வையும் முகமும் நீலமும் சாம்பலும் ஊதாவுமான கீற்றுகளுக்குள் ஆழ்ந்துகொண்டிருக்கின்றன. அன்பு மனைவியின் நெற்றியைப் பார்த்தபடியே, இறப்பு அம்முகத்தில் ஏற்றிய நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் தம் கண் தானாகவே கணக்கிட்டுக்கொண்டிருந்ததை எண்ணித் திடுக்கிட்டதாகப் பிற்காலத்தில் நண்பர் க்ளெமான்ஸோவிடம் மோனே கூறியிருக்கிறார். இதனை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, எத்துணைக் கல்நெஞ்சர்!’ என்பார் உண்டு. எனக்கோ அப்படித் தோன்றவில்லை. ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர் ஒப்பாரி வைக்கிறார். நிறம் மட்டுமே அறிந்தவர் நிறத்தால் அழுகிறார். கண்ணீர் வழியும் முகம் ஒன்றைக்கூடக் காட்டாமல் இத்துணைத் துயரத்தைச் சொன்ன படம் வேறொன்றை நான் அறியேன்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 1886ஆம் ஆண்டு, பின்னாளில் தமக்கு வளர்ப்பு மகளான சூசானை, மோனே அதேபோன்று குடையுடன் இருமுறை வரைந்தார். அப்படங்களில் முகம் வெறும் வண்ணத்தடம். ஒளி இருக்கிறது, காற்று இருக்கிறது, சூசான் இல்லை. இவ்விரு படங்களைப் பொறுத்தவரை குறைகூறுவோர் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஓர் ஓவியரின் இரு படங்களைக்கொண்டு ஒரு தலைமுறையையே மதிப்பிடுதல் முறையன்று. பெர்த் மொரிசோ 1872இல் வரைந்த ‘தொட்டில்’ படத்தில், குழந்தைமேல் தொங்கும் வலைத்திரையின் வெண்மையே தாயன்பின் பாதியைப் பேசிவிடுகிறதே!

இவற்றையெல்லாம் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏன் எழுத வேண்டும் என நீங்கள் கேட்கலாம். வண்ணக்கோல் பெட்டியில் வெளிர் இளஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். நம் பிள்ளைகள் அதற்குத் ‘தோல் நிறம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கறுத்த பிள்ளையும் மாநிறப் பிள்ளையும் தம் முகத்தை அதனாலேயே தீட்டுகின்றனர். காட்சிக்கலைக் கல்வியில் இதைவிட வருந்தத்தக்க காட்சி வேறில்லை. உருவப்படம் வரையும் நாளில் அந்த ஒரு கோலை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்தி, பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் முணுமுணுப்புத்தான். பிறகு ஆரஞ்சின்மேல் நீலத்தைத் தேய்த்தால் பழுப்பு வருமென்பதை எவரேனும் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த மேசையிலிருந்து, ‘ஐயா, இவன் காது சிவப்பா இருக்கு, வெயில் பின்னாலிருந்து வருது’ என்று குரல் எழும்.