மனைக்கும் மருந்துக்கும் நடுவே

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்து வரும் செவிலியர், சிவகாசி அச்சகமொன்றில் சேர வரும் இளைஞர், ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வரும் எழுத்தர் என்று யார் வீடு தேடினாலும் கேள்விகள் ஒன்றுதான். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? போர் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? பள்ளிக்கூட வேன் வாசல்வரை வருமா? அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை? வீட்டுக்காரரும் பதிலுக்குக் கேட்பார்: "எந்த ஊரு? என்ன ஆளுக?" இந்தக் கடைசிக் கேள்வி இன்னும் கேட்கப்படுவதே ஊருக்கு வெட்கம். அதைவிட விநோதம், இரு தரப்பும் கேட்காமல் விடும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வீட்டிலிருந்து பக்கத்துப் பட்டாசு ஆலை எவ்வளவு தூரம்? பக்கத்துக் கட்டடத்தில் இருப்பது அட்டைப்பெட்டிக் குடோனா, பட்டாசுக் குடோனா?

வெளியூர்க்காரருக்கு இதைக் கேட்கத் தோன்றாது. உள்ளூர்க்காரருக்குப் பதில் தெரியும், ஆனால் கேட்டால்தானே சொல்வார்.

வேறு நகரத்தில் எந்தப் பகுதியில் குடியேறுவது என்பது அந்தந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் அது அப்படி முடிந்துவிடுவதில்லை. ஒருவர் வீடு கட்டும் இடம் இன்னொருவர் ஆலையின் பாதுகாப்புத் தூரத்தைத் தின்கிறது. ஒருவர் நிரப்பும் குடோன் இன்னொருவர் படுக்கையறையை ஆபத்துக்குள் இழுக்கிறது.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. மழை குறைவு, வெயில் அதிகம், மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் ஏராளம். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதில் தொடங்கிய கதை, பட்டாசுக்கும் அச்சுக்கும் விரிந்து, நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்யும் வட்டாரமாக இதை ஆக்கியது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள். அவற்றில் பெரும்பாலானவை ஊரை விட்டு விலகி, கருவேலங்காட்டுக்கு நடுவே, ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டவை. அந்த இடைவெளியில் ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும். உண்மையில் ஆலையின் மிக முக்கியமான உறுப்பு அந்த வெற்றுத் தரைதான். ஒரு அறையில் வெடிமருந்து உராய்ந்து பற்றினால் அடுத்த அறைக்குத் தாவாமல் நிறுத்துவது அது. வேலிக்கு வெளியே உள்ள வெற்றுத் தரைக்கும் அதே வேலை. அங்கே காப்பாற்றப்படுவது வழிப்போக்கரும் குடியிருப்பவரும்.

2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இந்த இடைவெளியை அட்டவணை போட்டுச் சொல்கின்றன. எவ்வளவு மருந்து இருக்கிறது, எந்த வகை என்பதைப் பொறுத்து வீடு, சாலை, ரயில் பாதை ஆகியவற்றிலிருந்து இத்தனை மீட்டர் என்று கணக்கு உண்டு. உரிமம் வாங்கும் நாளுக்கு மட்டும் காட்டிவிட்டு மறக்கும் தூரமல்ல அது. உரிமம் இருக்கும்வரை இருக்கவேண்டிய தூரம்.

ஆனால் ஊர் நகர்கிறது. திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021-ல் சிவகாசி மாநகராட்சியானது. விஸ்வநத்தம், ஆனையூர், நாரணாபுரம், சித்துராஜபுரம் என்று சுற்றுவட்ட ஊராட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. நேற்று சோளம் விதைத்த நிலத்தில் இன்று வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள், தார் ரோடு போட்டிருக்கிறார்கள், வாசலில் வளைவு வைத்து நகருக்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். மனை விற்பவர்களின் விளம்பரத் துண்டறிக்கையைப் பாருங்கள். பேருந்து நிலையம் பத்து நிமிடம், நான்குவழிச் சாலை ஐந்து நிமிடம், கோயில் கூப்பிடு தூரம். எல்லாவற்றுக்கும் தூரம் உண்டு, ஆலைக்கு மட்டும் இல்லை.

ஆலை முதலாளிகளுக்கு இதில் ஒரு நியாயமான குறை இருக்கிறது. "நாங்க வந்தப்போ இங்க ஒரு வீடு கிடையாது. இப்ப சுத்தி வீட்டைக் கட்டிட்டு எங்களை எழுந்திரிக்கச் சொன்னா எப்படி?" என்கிறார்கள். மறுக்க முடியாத கேள்வி. மனை வாங்கியவரிடமும் நியாயம் உண்டு: கையில் இருந்த பணத்துக்கு அந்த இடம்தான் கிடைத்தது, பத்திரம் பதிந்தார்கள், பட்டா மாற்றினார்கள், வங்கி கடன் கொடுத்தது, ஒரு மேசையிலும் யாரும் எச்சரிக்கவில்லை. ஆலைக்கு உரிமம் தருவது ஒரு அலுவலகம், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது இன்னொன்று, பத்திரம் பதிவது மூன்றாவது. வில்லங்கச் சான்று எடுத்தால் நிலத்தின் மேல் உள்ள அடமானம் தெரியும். பக்கத்துக் காட்டில் உள்ள மருந்து தெரியாது.

2016 அக்டோபர் 20 என்ற தேதியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மனை வாங்கி விற்பவர்களுக்கு அது மனப்பாடம். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு அரசு வைத்த கெடு அந்த நாள்தான். அதற்கு முன் பதிவான மனையா, பின்னதா என்பதில் எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்து தொங்கியது. அதே நாளில், சிவகாசி நகரத்துக்குள் ஒரு பட்டாசுக் குடோனில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. புகை பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பட்டாசைத் தொடாதவர்கள். ஸ்கேன் எடுக்க வந்தவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள். மூச்சுமுட்டி இறந்தார்கள். பட்டாசுக் குடோனும் மருத்துவப் பரிசோதனைக் கூடமும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கலாம் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டால், யாரும் முடிவு செய்யவில்லை என்பதுதான் பதில். அவரவர் தத்தம் இடத்தை வாடகைக்கு விட்டார்கள், எடுத்தார்கள். அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை மாவட்டம் மறந்திருக்காது. ஏறக்குறைய 40 உயிர்கள். அங்கேயும் இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. தீயைப் பார்த்து உதவ ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அதன்பின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. உரிமம் ஒருவர் பேரில், ஷெட்டுகள் உள்குத்தகையில் பலர் கையில் என்ற பழைய நோய் மறுபடி வெளியே வந்தது. உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் அளவுக்கு மீறி ஆட்கள் உட்காருவார்கள், அளவுக்கு மீறி மருந்து குவியும், மரத்தடியிலும் வேலை நடக்கும். அப்போது அட்டவணை சொன்ன தூரம் பொய்யாகிவிடும். ஏனென்றால் அந்தத் தூரம் அனுமதித்த அளவு மருந்துக்குப் போட்ட கணக்கு. அதாவது ஆலைக்குள் நடக்கும் விதிமீறல், வேலிக்கு வெளியே சட்டப்படி வீடு கட்டியவரையும் ஆபத்து வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

இதைவிடச் சிக்கலானது வீட்டிலேயே பட்டாசு செய்வது. 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் நடந்த வெடிப்பில் ஒரு குழந்தையும் இறந்தது. அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமாயின. வீட்டில் திரி சுற்றுபவரையும் சரவெடி பின்னுபவரையும் கொலைகாரர்போலப் பேசுவது எளிது. பீஸ் ரேட்டுக்கு ராத்திரி உட்கார்ந்து செய்பவர் பெரும்பாலும் கடனில் இருப்பவர். மருந்தும் முன்பணமும் கொடுத்து அனுப்பியவர் வேறு எங்கோ பத்திரமாக இருக்கிறார். போலீஸ் வந்தால் அகப்படுவது சுற்றியவர்தான். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறப்பதில்லை. காட்டிக்கொடுத்த பழி வேண்டாம் என்கிறார். தெருவே வாயை மூடிக்கொள்வதை இரக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தெருவுக்கு நாளை குழந்தையோடு குடிவரும் வெளியூர்க்காரருக்கு அந்த இரக்கத்தில் பங்கில்லை.

உலகத்தில் நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல இது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற நகரம். அங்கே ஒரு பட்டாசுக் கிடங்கு முதலில் ஒதுக்குப்புறமாக இருந்தது. பின்னர் குடியிருப்புகள் அதைச் சூழ்ந்தன. 2000 மே 13, சனிக்கிழமை பிற்பகல் அது வெடித்தது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். ஏறத்தாழ 950 பேர் காயமடைந்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. தங்கள் தெருவுக்குள் இப்படி ஒரு கிடங்கு இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதன்பின் அந்த நாடு தூர விதிகளைக் கடுமையாக்கியது. ஆபத்தான பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தது. அந்த வரைபடம்தான் நமக்கு வேண்டியது.

முடியாத காரியம் அல்ல. உரிமம் பெற்ற ஆலை, குடோன், கடை ஒவ்வொன்றின் இருப்பிடமும் அரசின் கோப்புகளில் இருக்கிறது. புல எண்ணும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு ஆலையைச் சுற்றியும் அதன் பாதுகாப்புத் தூரத்தைச் சிவப்பு வட்டமாகப் போட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒட்டவேண்டும். வட்டத்துக்குள் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கூடாது. வட்டத்தை ஒட்டிய மனை என்றால் விற்பவர் அதைப் பத்திரத்திலேயே எழுதிக்கொடுக்கவேண்டும். வங்கிகள் வீட்டுக் கடனுக்கு ஆயிரம் காகிதம் கேட்கின்றன, இதையும் கேட்கட்டும். இப்படி ஒட்டினால் மனை விலை விழும், தொழிலுக்குக் கெட்டபெயர் வரும் என்பார்கள். விழட்டும். ஆபத்தை மறைத்து ஏற்றிய விலை அது.

இதற்குச் செலவு யார் கொடுப்பது? இந்த மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மகமை என்ற வழக்கத்தை விருதுநகருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை உறவின்முறைப் பொது நிதிக்கு எடுத்துவைத்துக் கிணறும் சத்திரமும் பள்ளியும் கண்ட ஊர்கள் இவை. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை வீடுவீடாக வாங்கிய பிடி அரிசியில் நடந்த பள்ளி. அந்த மகமை ஒரு சமூகத்துக்குள் பிறந்தது, அந்தச் சமூகத்தை நிமிர்த்தியது. புகையோ என்ன ஆளுக என்று கேட்பதில்லை. ஆகவே இனி எடுக்கும் மகமை எல்லாருக்குமாக இருக்கட்டும். பட்டாசு உற்பத்தியாளர்களும் மொத்த வியாபாரிகளும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பங்கை ஒதுக்கி, ஆலைகளைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தை வாங்கி வைக்கலாம், அல்லது வீடு கட்டமாட்டேன் என்ற ஒப்பந்தத்தோடு சொந்தக்கார விவசாயிக்கு ஆண்டுக் குத்தகை கொடுக்கலாம். ஒதுக்குப்புறமாக இருந்த ஆலை ஒதுக்குப்புறமாகவே இருக்க அதைவிட மலிவான வழி தெரியவில்லை. ஊருக்குள் இருக்கும் குடோன்களை வெளியே ஒரே வளாகத்துக்கு மாற்றவும் அதே நிதி உதவும். வீட்டில் செய்யும் குடும்பங்களின் முன்பணக் கடனை அடைத்து, உரிமம் உள்ள ஆலையில் வேலை வாங்கிக்கொடுத்தால், தெருவும் வாய் திறக்கும்.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குடோனுக்கு விட்டால் இரட்டை வாடகை கிடைக்கிறது என்பது உண்மை. மாடியில் குடும்பத்தை வைத்துக் கீழே பெயரில்லாத சரக்கை அடுக்க விடுவது குற்றம் என்பதும் உண்மை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எந்தெந்தத் தெருவில் எந்தெந்தக் கதவு இரவில் திறக்கிறது என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும்.

ஆலைகளை மூடச் சொல்லவில்லை. மூடினால் சோறு போடப்போவது யார் என்று கேட்கும் உரிமை இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு உண்டு. காலையில் ஆலை வண்டி ஏறி, விரல் இடுக்கெல்லாம் அலுமினியத் தூளோடு மாலையில் திரும்புகிறவர்கள் அவர்கள். ஆலைக்கு அருகிலேயே குடியிருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. வாடகை குறைவு, நடந்தே போய்விடலாம் என்று போனவர்கள். வரைபடம் வெளியூர் அதிகாரிக்கு மட்டும் பயன்பட்டு, வசதியுள்ளவர் வட்டத்துக்கு வெளியே போய், வசதியில்லாதவர் உள்ளே தங்கிவிட்டால் அந்த வேலை பாதிதான் முடிந்ததாகும். வட்டத்துக்குள் ஏற்கெனவே வீடு கட்டியவர்களுக்கு மாற்று மனை கொடுக்கவேண்டும். அரசு கட்டும் குடியிருப்புகளில் அவர்களுக்கு முதல் உரிமை வேண்டும்.

வரப்போகிறவர்கள் இன்னும் அதிகம். இ.குமாரலிங்கபுரத்தில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கினால் சாத்தூரைச் சுற்றி மனைக் கற்கள் இன்னும் வேகமாக முளைக்கும். அதற்குமுன் வட்டங்களைப் போட்டுவிடுவது நல்லது.

இடம் தேடி வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்காதீர்கள். அன்று ஆலைகளுக்கு விடுமுறை, ஊர் அமைதியாக இருக்கும். வேலைநாளில் வாருங்கள். டீக்கடையில் கேளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், சுற்றிலும் உரிமம் பெற்ற இடங்கள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்து வரும் கூட்டத்தில், எங்கள் ஊராட்சி எல்லைக்குள் உள்ள பட்டாசு ஆலை, குடோன்களின் பட்டியலையும் பாதுகாப்புத் தூர வரைபடத்தையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுந்து நின்று முன்மொழியுங்கள். முதலாளியும் தொழிலாளியும் மனை விற்பவரும் வாங்கியவரும் அந்த ஒரு தாளுக்குச் சேர்ந்து கை தூக்கட்டும்.