கம்பியை முந்திய பெட்டி!

பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. இறால், நண்டு, மடவை பிடித்துப் பிழைக்கும் மீனவ கிராமங்கள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. அங்குள்ள பெரியவர்களிடம் முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சுட்டிகளே! ஏரி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம். அலைகள் கொண்டுவந்து கொட்டும் மணலால் அது அடிக்கடி தூர்ந்துவிடும். ஏரி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? வாய் குறுகிவிட்டால் தண்ணீரும் போகாது, படகும் போகாது.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். அப்பாவின் செல்போனில் எடுத்த படங்கள் 'கிளவுட்'டில் இருப்பதாகச் சொல்வார்கள். கிளவுட் என்றால் மேகம். ஆனால் அது வானத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், குளுகுளு கட்டடத்துக்குள் வரிசை வரிசையாக நிற்கும் கணினிகள்தான் அந்த மேகம். சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும்கூட இப்படிப்பட்ட தகவல் மையங்கள் இருக்கின்றன. நாலைந்து படங்களை அங்கே அனுப்ப ஒரு நிமிடம் போதும். மலை போல் தகவல் குவிந்திருந்தால்?

பேப்பர், பென்சில் எடுங்கள். பொன்னேரியில் ஓர் அலுவலகத்தில் 100 டெராபைட் தகவல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (1 டெராபைட் என்பது 1,000 ஜிபி.) அங்குள்ள இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் அனுப்பும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே நொடிக்குப் போவது 12.5 எம்பி மட்டுமே. வகுத்துப் பார்த்தால் 80 லட்சம் நொடிகள், அதாவது 92 நாட்களுக்கு மேல்! காலாண்டுத் தேர்வுக்கு ஆரம்பித்தால் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும்.

இப்போது இன்னொரு வழி. 20 டெராபைட் கொள்ளும் ஹார்டு டிஸ்க் கடையில் கிடைக்கிறது. அதில் ஐந்து வாங்கி, தகவலை ஏற்றி, பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சென்னை சென்ட்ரல்!

அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். டிஸ்க்கில் தகவலை ஏற்றவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அங்கே போய் இறக்க இன்னொரு நாள். மீன் வியாபாரமும் இப்படித்தானே? லாரி ஓடும் நேரத்தைவிட ஐஸ் போட்டு ஏற்றி இறக்கும் நேரம் கூடுதல். ஆனாலும் இரண்டரை நாள் எங்கே, மூன்று மாதம் எங்கே!

இந்தக் கணக்கைப் பெரிய நிறுவனங்களும் போட்டுப் பார்த்தன. அமேசான் 2015-ல் 'ஸ்னோபால்' என்ற கைப்பிடி வைத்த பெட்டியைக் கொண்டுவந்தது. முதலில் அதில் 50 டெராபைட் அடங்கியது. வாடிக்கையாளர் தகவலை நிரப்பிக் கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பெட்டியின் மேலுள்ள முகவரிச் சீட்டுகூட மின்திரைதான். நிரப்பி முடித்ததும் முகவரி தானாக மாறிவிடும். அடுத்த ஆண்டே 45 அடி நீளக் கன்டெய்னர் லாரியை மேடையில் ஓட்டிவந்து காட்டினார்கள். பெயர் 'ஸ்னோமொபைல்'. அதன் கொள்ளளவு 100 பெட்டாபைட், அதாவது ஒரு லட்சம் டெராபைட்!

விஞ்ஞானிகளுக்கும் பெட்டிதான் கைகொடுத்தது. கருந்துளையின் முதல் படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது நினைவிருக்கிறதா? அதற்கான தகவல்களை 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருந்த எட்டு தொலைநோக்கிகள் சேகரித்தன. மொத்தம் சுமார் 5 பெட்டாபைட். டிஸ்க்குகளின் எடை மட்டும் அரை டன். எல்லாம் விமானத்தில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போயின. தென்துருவத்து டிஸ்க்குகள் மட்டும் அங்கேயே காத்துக் கிடந்தன. குளிர்காலத்தில் அங்கே விமானம் இறங்காது! டிசம்பரில்தான் அவை வந்து சேர்ந்தன.

பெட்டி தொலைந்துவிட்டால்? பிரிட்டனில் 2007-ல் அது நடந்தே விட்டது. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்களை, சுமார் இரண்டரைக் கோடிப் பேருடையது, இரண்டு வட்டுகளில் போட்டு ஓர் அரசு அலுவலகம் அனுப்பியது. அவை போய்ச் சேரவே இல்லை. உங்கள் வயதுப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருந்தன. தகவலைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டாமல் அனுப்பியதுதான் பெரிய தவறு.

சினிமாக்காரர்கள் இதில் கெட்டி. முன்பெல்லாம் ஊருக்குப் படப்பெட்டி வந்தால்தான் தியேட்டரில் படம். பிறகு ஃபிலிம் சுருளுக்குப் பதில் ஹார்டு டிஸ்க் வந்தது. அதைத் திருடிப் பயனில்லை. படம் பூட்டப்பட்டிருக்கும், மின்சாவி தனியாக வரும், அந்தச் சாவியும் குறிப்பிட்ட தியேட்டரில், குறிப்பிட்ட நாட்களில்தான் வேலை செய்யும்.

பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் விவரமானவர்கள்தான். அவர்கள் கம்பெனியின் கடிதங்கள் கப்பலேறி ஹாலந்து போய்ச் சேர மாதக்கணக்காகும். கப்பல் மூழ்கினால் எல்லாம் போச்சு. எனவே ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள்.

சரி, பெட்டிதான் ஜெயித்ததா? இங்கேதான் செய்தி திரும்புகிறது. 2024-ல் ஸ்னோமொபைல் லாரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டது அமேசான். 2025 நவம்பர் முதல் புதிய வாடிக்கையாளர்களுக்கு ஸ்னோபால் பெட்டியும் கிடையாது. காரணம், முகத்துவாரம் அகலமாகிவிட்டது! நம் சென்னையே சாட்சி. அந்தமான் தீவுகள் பல ஆண்டுகள் செயற்கைக்கோளின் குறுகலான இணைப்பை நம்பியிருந்தன. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி கேபிள் திறக்கப்பட்டது.

ஆனால் பெட்டி முழுக்க ஒழிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய் அகலமாக ஆக, ஏரியும் பெரிதாகிக்கொண்டே போகிறதே! 2024 டிசம்பரில் அதே அமேசான், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் தனி அறைகள் திறந்தது. எதற்குத் தெரியுமா? வாடிக்கையாளர்கள் தங்கள் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அங்குள்ள அதிவேகக் கம்பியில் செருகிவிட்டுப் போவதற்கு.