இயந்திரக் கண்ணும் நம் கண்ணும்

சென்ற பொங்கல் விழாவில் குத்துவிளக்கேற்றிய மூதாட்டியார் இன்று நம்மிடையே இல்லை. அவர் முகம் பதிந்த கடைசி வீடியோ அதுவே. சற்று மங்கியிருந்த அதைச் செப்பனிடும் பணி நம்மிடம் வந்தது.

முதலில் கணினியின் தானியங்கித் திருத்தத்தையே நம்பினோம். அது ஆளை அறியாது. காட்சி முழுவதன் சராசரி ஒளியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொணர முயலும். பின்னால் கருந்திரை தொங்கியதால் ஒளியை மிகக் கூட்டிற்று. அம்மையாரின் முகம் வெளிறிற்று. வெள்ளைச் சுவரருகே அவர் நின்ற காட்சியிலோ முகம் கறுத்தது.

ஆகவே, ஒளியளவு காட்டும் வரைபடத்தைப் பார்த்து, இருள், இடைநிலை, பேரொளி ஆகிய மூன்றையும் தனித்தனியே கையால் திருத்தினோம். இடைநிலையைச் சிறிதே உயர்த்தியதும் முகச் சுருக்கங்கள் துலங்கின. விளக்குச் சுடரை மட்டும் மீட்க இயலவில்லை. எடுக்கும்போதே முற்றும் வெளுத்துவிட்ட இடத்தில் மீட்பதற்கு விவரம் ஏதும் இராது. மகனார் பார்த்து, “அம்மாவேதான்” என்றார்.

ஒரே வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளுக்குத் தானியங்கி நேரத்தை மிச்சப்படுத்தும். முகமே முதன்மையாயின் கையே துணை. எவ்வழியாயினும், திருத்துமுன் மூலப் பதிவின் படியொன்றை அன்பர்கள் பத்திரப்படுத்துவார்களாக.