கேம்பிரியன் 'வெடிப்பு': கடல் நீரையும் கொஞ்சம் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

நான் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றிச் சுற்றி வருகிறது. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில், எல்லா விலங்கு வகைகளும் கடலில் திடீரென்று தோன்றிவிட்டனவாம். அதற்கு முன் ஒன்றுமே இல்லையாம். ஆகவே பரிணாமம் பொய்யாம். இதற்கு நம் பழைய மாணவர்கள் சிலர் சுடச்சுடப் பதில் போட்டிருந்தார்கள்: கடலில் ஆக்சிஜன் கூடியது, விலங்குகள் வந்தன, கதை முடிந்தது என்று.

முதல் செய்தி தப்பு. இரண்டாவது தப்பில்லை, ஆனால் அதுவும் ஒரு வரி விடைதான். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. பரிணாமத்தை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே மாதிரி ஒரு சுவிட்சைத் தேடுகிறார்கள். அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது என்பதுதான் என் கட்சி. பல கோடி ஆண்டுகள் கடல் நீரின் வேதியியல் மாறிக்கொண்டே வந்தது, உயிர்கள் அதற்கேற்ப மாறின, மாறிய உயிர்கள் திரும்பக் கடலை மாற்றின. இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெரிந்துகொண்டால் 'திடீர்' என்ற சொல்லே உதிர்ந்துவிடும்.

முதலில் அந்தத் 'திடீரை'ப் பார்ப்போம். கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தைக் குறிப்பது ஒரு புழு போன்ற விலங்கு சேற்றில் துளைத்துப் போன தடம். ட்ரைலோபைட்டுகள் அதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் பாறைகளில் வருகின்றன. சீனாவின் செங்ஜியாங் புதைபடிவங்களுக்கு வயது சுமார் 51.8 கோடி ஆண்டுகள், கனடாவின் பர்ஜஸ் ஷேல் சுமார் 50.8 கோடி. மனித இனம் தோன்றியே மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இரண்டு மூன்று கோடி ஆண்டுகளைத் 'திடீர்' என்பது பாறை படிப்பவர்களின் பேச்சுவழக்கு. நம் வீட்டுப் பேச்சில் அது வேறு அர்த்தம் கொடுத்துவிடுகிறது.

அதற்கு முன் ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் 1956ஆம் ஆண்டு டீனா நீகஸ் என்ற 15 வயதுப் பெண் ஒரு பாறையில் இலை போன்ற பதிவைப் பார்த்தாள். பள்ளியில் போய்ச் சொன்னபோது, அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்காது என்று ஆசிரியர் முடித்துவிட்டார். அடுத்த ஆண்டு அதே வயதுப் பையன் ரோஜர் மேசன் அதைக் கண்டு, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ஃபோர்டிடம் கொண்டுபோனான். 1958இல் அதற்கு 'சார்னியா மேசோனி' என்று பெயர் வந்தது. வயது சுமார் 56 கோடி ஆண்டுகள். அந்தப் பெண் பெயர் வெகுகாலம் கழித்துத்தான் வெளியே வந்தது. (ஆசிரியப் பணியில் இருக்கும் என் மாணவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.)

இப்போது கடலுக்கு வருவோம். ஆதிக் கடலில் இரும்பு ஏராளமாகக் கரைந்திருந்தது. ஃபெரஸ் கரையும், ஃபெரிக் வீழ்படிவாகும் என்று சால்ட் அனாலிசிஸில் படித்தது ஞாபகம் இருக்கும். அதே கதைதான் கடல் அளவில் நடந்தது. அப்படிப் படிந்து, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இரும்புப் பட்டைகளைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம், சேலம் கஞ்சமலை போதும். காற்றில் ஆக்சிஜன் நிலைத்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்; சயனோபாக்டீரியாக்களின் கைங்கரியம். இங்கேதான் ஒரு வரி விடை இடறுகிறது. ஆக்சிஜன் வந்துவிட்டது, சரி. விலங்குகள் வர அதற்குப் பிறகு ஏன் 150 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது?

1998இல் டொனால்ட் கேன்ஃபீல்ட் ஒரு விடை சொன்னார். காற்றிலிருந்த ஆக்சிஜன் நிலத்துப் பாறைகளிலுள்ள சல்பைடுகளைச் சல்பேட்டாக்கியது, ஆறுகள் அதைக் கடலில் சேர்த்தன, ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத இடத்திலிருந்த நுண்ணுயிர்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றின. நம் லேபில் கிப்ஸ் உபகரணத்தைத் திறந்தால் வருமே, அந்த அழுகின முட்டை நாற்றம்! ஆழ்கடல் முழுக்க அப்படி இருந்திருக்கலாம் என்றார். 2002இல் ஏரியல் அன்பரும் ஆண்ட்ரூ நோலும் இதோடு ஓர் உலோகத்தைச் சேர்த்தார்கள்: மாலிப்டினம். சல்பைடு நிறைந்த நீரில் மாலிப்டினம் தங்காது, அடியில் போய்விடும். நைட்ரஜனை நிலைநிறுத்தும் நைட்ரஜனேஸ் நொதிக்கோ அது வேண்டும். நிலக்கடலை வேர் முண்டுகளுக்குள் இன்றும் வேலை செய்வது அதே நொதிதான். மாலிப்டினம் இல்லையென்றால் நைட்ரஜன் உரம் இல்லை; உரம் இல்லையென்றால் கடல் ஏழை. பாசிகளே தழைக்காத கடலில் விலங்குக்குச் சாப்பாடு எங்கே?

பின்னால் வந்த ஆய்வுகள் இதைத் திருத்தின. ஆழ்கடலின் பெரும்பகுதியில் இரும்புதான் மிகுந்திருந்தது, சல்பைடு கண்டங்களை ஒட்டிய பகுதிகளில்தான் அதிகம் என்று இப்போது பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மாறிமாறிச் சொல்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பாறையைத் திரும்பத் திரும்ப அளந்ததால் வந்த திருத்தம் இது. ஃபார்வர்டை யாராவது திருத்தி மறுபடி அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா?

சரி, ஆக்சிஜன் கடைசியில் என்னதான் செய்தது? 2014இல் டென்மார்க்கில் ஒரு கடற்பஞ்சை வைத்துச் சோதித்தார்கள். இன்றைய அளவில் 4 சதவீதத்துக்கும் கீழே ஆக்சிஜன் இருந்தபோதும் அது உயிரோடு இருந்தது. ஆக, எளிய விலங்குக்குக் கொஞ்சம் போதும். அதற்கு முந்தைய ஆண்டு எரிக் ஸ்பெர்லிங் குழுவினர் இன்றைய கடல்களில் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் வாழும் புழுக்களைக் கணக்கெடுத்தார்கள். ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் பிற விலங்கைப் பிடித்துத் தின்னும் புழுக்கள் அரிது. ஆக்சிஜன் கூடக்கூட அவை கூடின. துரத்திப் பிடிப்பதற்கும், பிடித்ததைச் செரிப்பதற்கும் செலவு அதிகம். ஆக்சிஜன் வேட்டைக்காரனுக்குப் படியளந்தது என்று சொல்லலாம். வேட்டைக்காரன் வந்தபின் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஓடு வேண்டும், முள் வேண்டும், மண்ணுக்குள் ஒளிய வழி வேண்டும். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் பழைய க்ளௌடினா என்ற சின்னக் குழாய் ஓடுகளில், யாரோ துளை போட்ட தடயம் சீனாவில் கிடைத்திருக்கிறது.

ஓட்டுக்குக் கால்சியம் வேண்டுமே. இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கடல் வற்றி உப்பாகப் படியும்போது, உப்புப் படிகத்துக்குள் துளித்துளியாகக் கடல் நீர் சிக்கிக்கொள்கிறது. 50 கோடி ஆண்டுகள் ஆனாலும் அப்படியே இருக்கிறது. ஓமனிலும் சைபீரியாவிலும் கிடைத்த அத்தகைய படிகங்களை ஆராய்ந்து 2004இல் ஒரு குழு சொன்னது: சுமார் 54.4 கோடிக்கும் 51.5 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலில் கால்சியம் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. ஓடுகள் பெருகியதும் அதே காலம். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு, கடல் மட்டம் உயர்ந்து கண்டங்களின் அரித்துப்போன பாறைகள் மீது பரவியது ஒரு காரணம் என்கிறார்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. கேம்பிரியன் மணற்கல் தன்னைவிட நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் மூத்த பாறை மீது உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் அந்தத் துளைக்கும் புழுக்கள். கடலடிச் சேற்றைக் கிளறிக் கிளறி, அதுவரை மூடிக் கிடந்த மண்ணுக்குள் ஆக்சிஜனையும் சல்பேட்டையும் இறக்கின. ஏர் உழுதது மாதிரி. காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிக்கொள்கின்றன. இதை எந்த இரண்டு மார்க் விடையில் அடக்குவீர்கள்?

என் மனத்தாங்கல் பாடத்திட்டத்தின் மீது. இந்தக் கதையில் வேதியியல், உயிரியல், புவியியல் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. நம் பள்ளியில் மூன்றுக்கும் மூன்று பீரியட், மூன்று வாத்தியார். ஒருவர் நடத்துவது மற்றவருக்குத் தெரியாது. போதாததற்கு, என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'மரபு' ஆகிவிட்டது. 2023இல் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு அதை எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்கிறார்கள். பத்தோடு அறிவியலை விட்டு காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? அந்தப் பிள்ளைக்கும் வாட்ஸ்அப் உண்டு.

இது பழங்கதை மட்டும் அல்ல. 1960 முதல் 2010 வரை உலகக் கடல்களின் ஆக்சிஜன் சுமார் 2 சதவீதம் குறைந்துவிட்டதாக 2017இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தொழில் யுகத்துக்கு முன் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஹெச் இப்போது 8.1. 0.1 தானே என்று நினைப்பவர்கள் லாகரிதத்தை மறந்தவர்கள். ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. ஓடு கட்டும் உயிர்களுக்கு இது நேரடிச் சிக்கல். கேம்பிரியனில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்த வேதியியலின் ஒரு பகுதியை நாம் இருநூறு ஆண்டுகளில், எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நம் அரபிக்கடலில் சுமார் 200 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் ஆழம் வரை ஏற்கெனவே ஆக்சிஜன் மிகவும் குறைவு. உலகத்தின் மிகத் தடிமனான இத்தகைய அடுக்குகளில் அதுவும் ஒன்று.

சந்தேகம் இருந்தால் கீழே கமெண்டில் கேளுங்கள். இன்பாக்ஸில் வேண்டாம், எல்லோரும் படிக்கட்டும்.