ஓட்டம் குறைந்த விமானம்

மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு கலக்கும் காக்கைதீவுக் கரையில் மாலை வேளைகளில் உலாவப் பழகியவர்களுக்கு, கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகக் கடலின் மேலே தாழ்ந்து செல்லும் பெரிய விமானங்களும், மணலில் ஏற்றி வைத்து விலை சொல்லப்படும் பழைய வள்ளங்களும் நாள்தோறும் கண்ணிற் படுகிற காட்சிகளே. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் நிர்ப்பந்தம் சென்ற மாதம் எனக்கு ஏற்பட்டது. கனடாவில் இருக்கும் என் தமக்கையின் மகன், வார இறுதிகளில் விமானமோட்டப் பழகி அநுமதிப்பத்திரமும் பெற்றுக்கொண்டவன், ஓர் இரவு தொலைபேசியில் அழைத்து, “மாமா, பிளேன் ஒண்டு வாங்கப் போறன். 1978ஆம் ஆண்டுச் செஸ்னா 172. பழசுதான், ஆனா ஓடினது சரியான குறைவு” என்றான்.

என்னிடம் அவன் யோசனை கேட்டதற்குக் காரணம், இளமையில் நான் சில வருஷங்கள் இரத்மலானையில் ஒரு ஹாங்கரில் எழுதுவினைஞனாக இருந்து, எஞ்சின் பாஸ்மார் சொல்லச் சொல்லப் பராமரிப்புப் பதிவுகளை எழுதிக்கொண்டிருந்தவன் என்பதுதான். நான் விமானமோட்டி அல்லேன். ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற சுபாவம். எனினும் பழைய யந்திரங்களைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் அங்கேயே என்னுள் ஊறிப்போயின.

பழைய விமானம் என்றதும் முகஞ்சுளிப்பவர்கள் நம் நாட்டுச் சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதன்முதலாக வந்திறங்கியது, சென்னை விமானக் கழகத்தின் பிரதான பயிற்றுநர் ஓட்டிவந்த புஸ் மொத் என்னும் சிறு விமானம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோன் தன் முதற் பிரயாணத்தை யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத் தொடங்கியபோது அதன் கையிருப்பில் இருந்தவை டகோட்டா விமானங்களே. சீதாதேவி, விஹாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று ராணிகளின் நாமங்கள் சூட்டப்பட்ட போதிலும், அவை கட்டப்பட்டது யுத்தத்துக்காக. தேசமே கைமாறிய விமானங்களில் தன் ஆகாய வாழ்வைத் தொடங்கியிருக்க, என் மருமகன் தொடங்குவதில் என்ன இழிவு? ஆகவே “பழசு” என்று அவன் சொன்னது என்னைக் கலக்கவில்லை. “ஓடினது குறைவு” என்றானே, அதுதான் கலக்கியது.

காரோ வள்ளமோ விற்பவர்கள் இந்த வார்த்தையைப் பெண்பிள்ளையின் நற்குணத்தைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்லுகிறார்கள், வாங்குபவர்களும் மயங்கிவிடுகிறார்கள். செஸ்னா 172இன் நாலு சிலிண்டர் லைக்கமிங் எஞ்சினைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான புகழுரை வேறில்லை. வால்வுகளை இயக்கும் அதன் கேம் தண்டு எஞ்சினின் மேற்புறத்தில் அமைந்திருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் எண்ணெய் தெறித்து அதை நனைத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அந்த எண்ணெய் வடிந்து அடியில் தேங்கிவிட, மேலே உருக்கு வெறுமையாகக் காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளிகள் அங்கே விழுந்த பின், மறுபடி ஓட்டும்போது அவையே அரமாக மாறி, தம்மேல் அழுந்தும் உறுப்புகளைச் சுரண்டத் தொடங்கும். போதாக்குறைக்கு, 1977 முதல் 1980 வரை வந்த 172 விமானங்களில் பொருத்திய எஞ்சின் வகை இந்தக் கேம் தேய்மானத்துக்கே பெயர் போனது. அவன் பார்த்து வைத்திருந்ததோ 1978.

ஓட்டம் எஞ்சினைக் கொல்லுகிறது என்பார்க்கு 1958இல் அமெரிக்காவில் நடந்த ஒரு வினோதத்தைச் சொல்லலாம். லாஸ் வேகஸ் நகரிலிருந்து ஒரு செஸ்னா 172இல் ஏறிய இருவர், பாலைவனத்து நேர்வீதியில் ஓடும் லொறியிலிருந்து குழாய் மூலம் எரிபொருளை மேலே வாங்கிக்கொண்டு, தரையைத் தொடாமல் 64 நாட்களுக்கு மேல் பறந்து, 1959 பெப்ரவரியில்தான் இறங்கினார்கள். எஞ்சின் 1,500 மணிக்கு மேல் ஓய்வின்றி உழைத்தது. உள்ளே கரி படிந்து பலம் குன்றியது உண்மை, ஆனால் நிற்கவில்லை. அந்த விமானம் இன்றும் அந்நகர விமான நிலையத்தில் தொங்குகிறது. அவர்கள் அறுபத்துநாலு நாட்கள் குளித்தது எப்படி என்பது இந்தப் பத்திக்கு அப்பாற்பட்ட விஷயம்.

மறுநாள் மாலை கரையில், எனக்குப் பழக்கமான வள்ளக்காரர் ஒருவரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். மணலில் கிடந்த ஒரு வெளி எஞ்சினின் மூடியைக் கழற்றி, போல்ட் தலைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தேய்த்துக் காட்டினார். “பத்து நாள் கடலுக்குப் போகல்ல ஐயா, அவ்வளவுதான். தொழிலுக்குப் போற எஞ்சின் கெட்டா சத்தம் போடும். சும்மா கிடக்கிறது சத்தமில்லாமக் கெடும்” என்றார்.

அன்றிரவு மருமகனிடம், விமானத்தின் படங்களை அனுப்ப வேண்டாம், லொக் புத்தகங்களின் பக்கங்களை அனுப்பு என்றேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாங்குகிறவர் சுவரின் வர்ணத்தைக் கண்டு முன்பணம் கொடுப்பதில்லை. உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்து முப்பது வருஷத்து உரித்தைத் தேடுவிக்கிறார். விமானத்துக்கு உறுதி அதன் லொக் புத்தகங்களே: உடலுக்கொன்று, எஞ்சினுக்கொன்று, புரொப்பெல்லருக்கொன்று. அவை தொலைந்த விமானத்தின் விலை சரிந்துவிடுவது நியாயந்தான். எப்போது எங்கே மோதியது, எந்தச் செட்டை மாற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சியம் ஏது?

பக்கங்கள் வந்தன. எஞ்சின் முற்றாகக் கழற்றிப் புதுப்பிக்கப்பட்டது 2006இல். அதன்பின் ஓடியது 400 மணி. உற்பத்தியாளர் விதித்த தவணை 2,000 மணி என்பதால் இன்னும் 1,600 மணி மிச்சமிருக்கிறது என்று விற்பவர் கணக்குக் காட்டியிருந்தார். அதே உற்பத்தியாளர், மணி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் பன்னிரண்டு ஆண்டில் புதுப்பிக்கச் சொல்லுவதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய எழுதுவினைஞனின் கண்ணுக்கு வேறொன்றும் பட்டது: 2013 ஐப்பசியில் நீல மையில் ஒரு பதிவு; அதற்கடுத்த வரி 2018 வைகாசியில், வேறு கையெழுத்தில், கறுப்பு மையில். இடையே ஒரு வெற்று வரிகூட இல்லை. நாலரை வருஷம் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே மறைந்து கிடந்தது.

அவனுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை, விற்பவரின் ஆளல்லாத ஒருவரை, பணம் கொடுத்து அழைத்துப் போகும்படி சொன்னேன். அந்த மனிதர் சிலிண்டர்களுக்கு 80 இறாத்தல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, கசிவு எங்கே கேட்கிறதென்று காது வைத்துப் பார்த்தாராம். புகைக்குழாயில் சீறினால் வெளி வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையங்கள். இரத்மலானையிலும் இதே முறைதான். எங்கள் பாஸ் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத் துவாரங்கள் தேய்ந்து நீண்டிருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறார். செஸ்னாவில் இது சிறு விஷயமன்று. மேலெழும்பும் தறுவாயில் பூட்டு நழுவி இருக்கை பின்னால் ஓட, பிடிமானத்துக்காகத் திசைத்தண்டையே இழுத்து மாண்டவர்கள் உண்டு. சிலிண்டர்கள், தண்டவாளம் எல்லாமே தேறிவிட்டன. கடைசியாக எண்ணெய் வடிகட்டியை வெட்டி, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்தபோது, மீன்செதில் தூள்போல மினுமினுத்ததாம். காந்தத்தை அருகே கொண்டுபோனதும் தூள் எழுந்து ஒட்டிக்கொண்டது.

விற்பவர் விலையைக் குறைக்க முன்வந்தார். மருமகன் இரண்டு நாள் தத்தளித்தான். வர்ணம் அவ்வளவு அழகாம். நிறுத்துமிடக் கவலை வேறு. நம்மவர் நெருங்கி வாழும் மார்க்கம் நகரின் பட்டன்வில் விமான நிலையம் 2023இல் மூடப்பட்ட பின், வாங்கினாலும் தூரத்தில்தான் கட்டி வைக்க வேண்டும். தூரத்தில் கட்டினால் அடிக்கடி ஓட்ட மாட்டான், ஓட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது அவனுக்கே தெரியும். ஒருவழியாக வேண்டாமென்று எழுதிவிட்டான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றைப் பார்க்கப் போகிறானாம். பயிற்சிப் பாடசாலையில் கிழமைக்கு ஆறு நாளும் மாணவரைச் சுமந்து உழைத்ததாம், ஒன்பதாயிரம் மணிக்கு மேல். இருக்கைத் துணி கிழிந்து பஞ்சு தெரிகிறது, கதவுப் பிடியில் வர்ணமே இல்லை என்று முறைப்பாடு செய்தான். லொக் புத்தகத்தில் கிழமைகள் தவறியிருக்கின்றனவா என்று கேட்டேன். “இல்லை மாமா, எழுத இடங் காணாமல் ஆறாவது புத்தகம் ஓடுது” என்றான்.