ஐயம் ஒரு நோயன்று: ‘கலப்பு’ப் பிள்ளைகளின் காதல் கதைகளை முன்வைத்து

சென்ற மாதம் ஓர் ஆய்வரங்கில் என் கட்டுரைச் சுருக்கத்தைப் பேராசிரியர் ஒருவர் இரண்டே வாக்கியங்களில் ஒதுக்கிவைத்தார். பதின்பருவக் காதல் கதை முனைவர் பட்டத்துக்குரிய பொருளன்று என்பது முதல் வாக்கியம். இருவேறு இனப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பிள்ளை ‘நான் எழுதலாமா, எவருடைய மொழியில் எழுதுவது’ என்று தன்னையே ஐயுறுவது மேலைநாட்டுச் சிக்கல், நமக்கு அது இறக்குமதிச் சரக்கு என்பது இரண்டாவது. அவை நாகரிகம் கருதி அங்கே வாய் திறவாதிருந்தேன். அது தவறு என்று இப்போது படுகிறது.

இறக்குமதியா? சொற்களிலிருந்தே தொடங்கலாம். ‘கலப்பினம்’ என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்டது பசுவைப் பற்றிய பேச்சில்; பிறகு நெல்விதையைப் பற்றி. மனிதருக்கென்று நம்மிடம் இருந்தவை ‘சட்டைக்காரர்’, இலங்கையில் ‘பறங்கியர்’. ஒன்று உடையைச் சுட்டுகிறது, மற்றது அயலானைச் சுட்டுகிறது. இரண்டும் பிறர் இட்ட பெயர்கள். சட்டமும் இதில் பின்தங்கவில்லை. அரசமைப்பின் 366(2) ஆம் உறுப்பு ஆங்கிலோ-இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. தாய்வழி மட்டும் அம்மரபு வந்த பிள்ளை அதில் அடங்காது. இத்தனை பெயர்களும் விதிகளும் உள்ள நாட்டில், அவற்றுக்குள் வளரும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய ஐயம் கடல் கடந்து வரவேண்டியதில்லை.

அந்த ஐயத்தின் நாவலும் நம்மிடம் உண்டு. ரஸ்கின் பாண்ட் 17 வயதில் எழுதத் தொடங்கிய ‘தி ரூம் ஆன் தி ரூஃப்’ 1956-இல் ஆந்த்ரே டாய்ச் பதிப்பகத்தின் வழியாக லண்டனில் வெளிவந்தது. 1957-இல் ஜான் லுவெலின் ரீஸ் பரிசைப் பெற்றது. அதன் நாயகன் ரஸ்டி 16 வயது ஆங்கிலோ-இந்தியன். எழுத்தாளனாகும் ஆசை கொண்டவன். அவனை ஆங்கிலேயனாகவே வளர்க்க முனையும் காப்பாளர், டேராடூனின் கடைத்தெருவை அவனுக்கு விலக்கி வைக்கிறார். அவன் கடைத்தெருவுக்குப் போகிறான், ஹோலியில் நனைகிறான், பிரம்படி படுகிறான், வீட்டைவிட்டு வெளியேறுகிறான். கிஷன் என்னும் சிறுவனுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கு ஈடாக மாடியில் ஓர் அறை கிடைக்கிறது. அந்தச் சிறுவனின் தாய் மீனாவின் மீது காதல் கொள்கிறான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். மீனா விபத்தில் இறந்துபோகிறாள். காதல் ரஸ்டியின் ஐயத்தைத் தீர்ப்பதில்லை. இங்கிலாந்துக்குப் போய்விடலாமா என்று எண்ணுகிறான், போகவில்லை. தான் எவரைச் சேர்ந்தவன் என்ற வினாவுக்கு விடை கிட்டாமலே, தன்னைப் போலவே ஆதரவற்றுப்போன கிஷனோடு டேராடூனுக்குத் திரும்புகிறான். இன்றைய சந்தைக்கென்று செய்யப்படும் பதின்பருவக் காதல் நாவல்களில் கடைசி அத்தியாயத்துக்கு முன் காதலன் வந்து ‘நீ இருப்பதுபோலவே போதும்’ என்பான்; அவள் உடனே எழுதத் தொடங்கிவிடுவாள். இத்தகைய நாவல்களை நிறையப் படித்திருக்கிறேன், அவற்றுள் பலவும் மோசமானவை என்பதில் பேராசிரியரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவை மோசமாவது காதலைப் பற்றியவை என்பதால் அன்று. ஐயத்தைக் காய்ச்சல்போலக் கருதி, காதலை அதற்கு மாத்திரையாக்குவதால்.

நம் கல்வித்துறை பாண்டை என்ன செய்தது? முசூரித் தாத்தாவாக்கியது. பாடநூல்களில் மரங்களும் தொடர்வண்டிகளும் தங்கின. ஓடிப்போன பையனும் அவன் காதலும் மறைந்தன. 2012-இல் சாகித்திய அகாதெமி அவருக்குக் குழந்தை இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்காரத்தை வழங்கியது. 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்களை ஒரே கூடையில் இடும் விருது அது. ஒன்பது வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரே நூலுக்காகக் காத்திருப்பதாக எண்ணுவோர், பதினாறு வயதை மறந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

சந்தை ஐயத்தை எப்படித் தீர்க்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. சென்னையில் பிறந்து அயல்நாடுகளில் வளர்ந்த காவ்யா விஸ்வநாதன் 17 வயதில் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தார். அவருடைய நாவல் 2006 ஏப்ரலில் வெளிவந்தது. அம்மாதமே மேகன் மெக்காஃபர்ட்டியின் நாவல்களோடு ஒத்த பகுதிகள் வெளிப்பட, நூல் திரும்பப் பெறப்பட்டது. அவர் கலப்பினத்தவர் அல்லர். அவர் பிழையை நான் மறைக்கவும் இல்லை. எனினும் அந்நூலின் பதிப்புரிமையில் அவர் பெயரோடு அல்லாய் என்டர்டெயின்மென்ட் என்னும் நூல்தொகுப்பு நிறுவனத்தின் பெயரும் இருந்தது. எழுதும் பெண் ‘இது என் சொல்தானா’ என்று தயங்க வேண்டிய இடத்தில், அவளுக்கு முன்பே ஒரு வார்ப்பு ஆயத்தமாக இருந்திருக்கிறது. அன்று உலகமே பெண்ணை விசாரித்தது. வார்ப்பை விசாரித்தவர்கள் சிலரே.

சந்தை வார்ப்பைத் தருகிறது என்றால், நாம் தருவது தூய்மைச் சான்றிதழ். இதை நான் நூலகத்தில் கண்டுகொள்ளவில்லை. நான் குடியிருக்கும் சந்தாபுராவில், ஓசூர்ச் சாலையிலிருந்து ஆனேக்கல்லுக்குத் திரும்பும் பக்கத்தில், ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழெழுத்துச் சொல்லித் தருகிறேன். அவர்களுள் ஒருத்தி பத்தாம் வகுப்பு. தாய் தருமபுரிப் பக்கம், தந்தை கன்னடர். தான் எழுதிய காதல் கதை ஒன்றைக் கொண்டுவந்தாள். மொழி தமிழ், எழுத்து கன்னடம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு தெலுங்குப் பையன், ஓயாத மழை. கன்னடத்தில் ழகர எழுத்து இன்று வழக்கில் இல்லை. எனவே அவள் மழை என்று எழுத எண்ணியது ‘மளெ’ என்று விழுந்திருந்தது. அதுவே மழைக்குரிய கன்னடச் சொல்லும்கூட. ஓரிடத்தில் ‘ஸ்வல்ப’ என்று எழுதி, அடித்து, ‘கொஞ்சம்’ என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி ‘ஸ்வல்ப’ என்றே எழுதியிருந்தாள்.

“அக்கா, இது தமிழ்தானா?” என்று கேட்டாள்.

மொழிக்கலப்பும் இனக்கலப்பும் ஒன்றல்ல. தோலின் நிறம் பார்த்து வாடகைக்கு வீடு மறுக்கப்படுபவரின் நிலை இவளுக்கு இல்லை. அந்த வேற்றுமையை அழிக்க நான் முயலவில்லை. ஆனால் அந்த இரண்டு அடித்தல்களில் இருந்த கவனத்தை எந்தப் படைப்பிலக்கியப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் எவருடையது என்று கேட்டுவிட்டே அதை எடுக்க வேண்டியவள், நாம் கேளாத ஒலிகளைக் கேட்கிறாள். நம் மதிப்பீட்டு முறை அவளிடம் செய்வதெல்லாம் அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைப்பதுதான்.

புகழ் பெற்ற பின் மட்டும் கலப்பு நமக்கு இனிக்கிறது. மாஸ்தி வெங்கடேச அய்யங்காரின் வீட்டுமொழி தமிழ். கன்னடத்தில் எழுதிய ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதினார்; 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை உலகின் முன் வைத்தார். இவ்விருவரையும் கருத்தரங்கு தோறும் கொண்டாடுகிறோம். பதினைந்து வயதில் அவர்கள் நம் மேசைக்கு ஒரு நோட்டை நீட்டியிருந்தால்?

கட்டுரைச் சுருக்கத்தை நான் திருத்தப்போவதில்லை. அதே தலைப்பில் வேறோர் அரங்குக்கு அனுப்பியிருக்கிறேன். பள்ளி, கல்லூரிகளில் கற்பிக்கும் நண்பர்களிடம் இத்தகைய நோட்டுகள் வந்திருக்கும். பிழைதிருத்தும் முன் எனக்குச் சொல்லுங்கள். அவளுடைய கதையில் இப்போது மூன்றாம் அத்தியாயம் நடக்கிறது. மழை இன்னும் விடவில்லை, ழகரம் மட்டும் வந்துவிட்டது, அதுவும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டது.